சிவகாசியிலும் சென்னையிலும் ஒரே கோப்புகள்: இரண்டு சர்வரை எப்படி ஒத்துப்போக வைப்பது?

சிவகாசி_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி பிரிவையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்கிறேன். டிசைன் வேலையில் பாதி சென்னைக் கிளையில் நடக்கிறது, மீதி டிசைனும் அச்சுக்கான பிளேட் போடுவதும் இங்கே. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு உபுண்டு சர்வர், சம்பா என்கிற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக விண்டோஸ் கணினிகளும் ஓரிரு மேக்கும் அதில் இணைந்திருக்கின்றன. எல்லாம் கோரல்டிரா, ஃபோட்டோஷாப், டிஃப் படக் கோப்புகள். ஒவ்வொன்றும் 300 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை போகும். மொத்தமாக 4 டிபி இருக்கும்.

எனக்கு முன்னால் இருந்தவர் செய்து வைத்த ஏற்பாடுதான் இன்னும் ஓடுகிறது. 10 நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டுவது) ஆர்சிங்க்கை (கோப்புகளை இன்னொரு சர்வருக்கு நகலெடுப்பது) எழுப்பும், முதலில் இங்கிருந்து சென்னைக்கு, அப்புறம் சென்னையிலிருந்து இங்கே. இரண்டு பக்கமும் 'அங்கே இருப்பது புதியதாக இருந்தால் தொடாதே' என்கிற அப்டேட் ஆப்ஷன் போட்டிருக்கிறது. டெலிட் ஆப்ஷன் இல்லை.

இதில் மூன்று தொல்லை. ஒன்று, பழைய வேலைகளை அழித்தால் சிறிது நேரத்தில் உயிர்த்தெழுந்து வந்துவிடுகின்றன. இரண்டாவது, ஒரே கோப்பை இங்கேயும் அங்கேயும் திறந்து வேலை செய்தால் கடைசியாகச் சேமித்தவருடையதுதான் மிஞ்சுகிறது, மற்றவர் வேலை சத்தமில்லாமல் போய்விடுகிறது. மூன்றாவது, எப்போதாவது ஒரு டிஃப் கோப்பு கீழ்ப்பாதி வெள்ளையாக வருகிறது. சென்னைப் பிரதியைப் பார்த்தால் அதுவும் அப்படியே வெள்ளை. ஒரு தடவை அது பிளேட் வரைக்கும் போய்விட்டது.

முதலாளி கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு சர்வர் படுத்தாலும் வேலை நிற்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டாக வேண்டும், அதற்கப்புறம் வருட முடிவு வரை மூச்சுவிட நேரம் இருக்காது. இரண்டு ஊர் சர்வரையும் சேர்த்து கிளஸ்டர்எஃப்எஸ் போட்டு, ஒவ்வொரு கோப்பும் இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் எழுதப்படும்படி செய்துவிடலாமா? வேறு நல்ல வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

நெல்லை_அட்மின்:

அந்த வெள்ளை டிஃப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்னாலும் மூன்றில் அதுதான் பெரிய ஆபத்து, இன்றைக்கே நிறுத்த வேண்டியது.

ஒருவர் பென் டிரைவிலிருந்து 800 எம்பி டிஃப்பை எக்ஸ்புளோரரில் இழுத்து சர்வரில் போடுகிறார் என்று வையுங்கள். விண்டோஸ் முதலில் அந்தக் கோப்புக்கு 800 எம்பி அளவையும் சர்வரில் குறித்துவிட்டுத்தான் உள்ளே நிரப்பத் தொடங்கும். அதாவது பாதி ஏறியிருக்கும்போதே கோப்பின் அளவு முழுசாகத் தெரியும், ஏறாத பாதி வெறும் பூஜ்யம். அச்சுக்கான நான்கு மை நிறங்களில் இருக்கும் சிஎம்ஒய்கே டிஃப்பில் பூஜ்யம் என்றால் மை இல்லை, வெள்ளை. அந்த நேரம் பார்த்து கிரான் ஓடினால் ஆர்சிங்க் அரைகுறைக் கோப்பைச் சென்னைக்கு அனுப்பிவிடும், அதன் மேல் இன்று காலை 11.20 என்று அந்த நிமிடத்தின் தேதியைப் பதித்துவிடும். இங்கே காப்பி முடிந்ததும் விண்டோஸ் பென் டிரைவில் இருந்த பழைய தேதியை, போன வாரத்துத் தேதி என்று வையுங்கள், கோப்புக்குத் திரும்பப் போடும். இப்போது சிவகாசியில் இருப்பது முழுக் கோப்பு, போன வாரத் தேதி. சென்னையில் இருப்பது அரைக் கோப்பு, இன்றைய தேதி. உங்கள் அப்டேட் ஆப்ஷன் பார்ப்பது தேதியைத்தான். அதனால் போகும்போது 'சென்னையில் இருப்பது புதியது' என்று விட்டுவிடும், திரும்பி வரும்போது அதே காரணத்துக்காக நல்ல கோப்பின் மேலேயே அரைக் கோப்பை எழுதிவிடும். இரண்டு பக்கமும் வெள்ளையானது இப்படித்தான். ஆர்சிங்க்கைக் குறை சொல்ல முடியாது. போய்ச்சேரும் இடத்தில் அது ஒரு மறைவான தற்காலிகப் பெயரில் முழுசாக எழுதி முடித்துவிட்டுத்தான் உண்மைப் பெயரை வைக்கும். மூலமே அரைகுறையாக இருக்கும்போது அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் முதல் வேலை, திரும்பி வரும் பயணத்தை நிறுத்துங்கள். அப்புறம் கிரான் வரியில் ஒரு பூட்டு போடுங்கள், முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பக் கூடாது. 4 டிபியில் 10 நிமிடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அழித்தது திரும்பி வருவதற்குக் காரணம் எளிது. ஆர்சிங்க்குக் கடந்த காலம் தெரியாது. ஒரு கோப்பு சென்னையில் இருக்கிறது, இங்கே இல்லை என்றால், அது அங்கே புதிதாகப் பிறந்ததா, இங்கே அழிக்கப்பட்டதா என்று அதனால் சொல்ல முடியாது. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதை உருவாக்கியதே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுவதற்குத்தான். இரண்டு பக்கமும் மாற வேண்டும் என்றால் போன தடவை எப்படி இருந்தது என்று குறித்து வைத்துக்கொள்கிற கருவி வேண்டும். யுனிசன், சிங்க்திங் இரண்டும் அப்படிப்பட்டவை.

கிளஸ்டர்எஃப்எஸ்ஸை இரண்டு ஊருக்கு நடுவில் போடாதீர்கள். அது ஒவ்வொரு எழுத்தையும் எல்லாப் பிரதிகளிலும் ஒருசேரப் பதிய வைக்கிற முறை, தூரத்துப் பிரதி பதில் சொல்லும்வரை சேமிப்பு முடியாது. ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 500 கிலோமீட்டர் போய்த் திரும்பவே 5 மில்லிவிநாடி, இடையில் இருக்கிற ரவுட்டர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் சம்பா நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் இந்தத் தாமதம். டிசைனர்கள் ஒரே நாளில் கொந்தளித்துவிடுவார்கள். லைன் அறுந்தால் இன்னும் மோசம்.

என் யோசனை, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எழுதும் உரிமை ஒரே ஊருக்கு. 'டிசைன்' ஃபோல்டரில் சென்னை மட்டும் எழுதட்டும், சிவகாசியில் அது படிக்க மட்டும். 'பிளேட்' ஃபோல்டர் இதற்கு நேர் எதிர். உங்கள் ஊர் டிசைனர்களுக்குத் தனி ஃபோல்டர். சிங்க்திங்கில் ஒவ்வொரு ஃபோல்டரையும் அனுப்ப மட்டும், பெற மட்டும் என்று வைக்க முடியும், சம்பாவிலும் அதே அனுமதியைப் போட்டுவிடுங்கள். அப்போது மோதல் என்பதே வராது. கோப்பு மாறிக்கொண்டிருந்தால் சிங்க்திங் சற்றுப் பொறுத்துத்தான் எடுக்கும், ஆனாலும் நிமிடக்கணக்கில் ஏறும் கோப்புக்கு அதையும் முழுசாக நம்பாதீர்கள். ஏற்றுவதற்கு ஒரு தனி ஃபோல்டர், முடிந்ததும் அங்கிருந்து வேலை ஃபோல்டருக்கு நகர்த்துவது என்று பழக்கிவிடுங்கள். ஒரே வட்டுக்குள் நகர்த்துவது நொடியில் நடந்துவிடும், அரைகுறை நிலை என்று ஒன்று அங்கே கிடையாது.

சிவகாசி_டிடிபி:

அண்ணே, அந்த 11.20 விளக்கத்தைப் படித்ததும் லாக் எடுத்துப் பார்த்தேன். பிளேட் வரை போன அந்தக் கோப்பு அப்படியே நீங்கள் சொன்ன வரிசையில்தான் போய்த் திரும்பியிருக்கிறது. ரொம்ப நன்றி. திரும்பும் பயணத்தை நிறுத்திவிட்டேன்.

ஒரே ஊருக்கு எழுதும் உரிமை என்பதில் ஒரு சிக்கல். தினசரி காலண்டரில் கீழே கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் வரும் இல்லையா, திருத்தம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான். ராத்திரி 9 மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டு நம்பரை மாற்றுங்கள் என்பார். சென்னையில் ஆள் இருக்க மாட்டார்கள், பிளேட் இங்கே காத்துக்கொண்டிருக்கும். அப்போது இங்கேயே திருத்தியாக வேண்டும். ஒருவர் திறந்திருக்கும்போது மற்றவருக்குப் பூட்டு விழும்படி செய்ய முடியாதா?

இன்னொன்று, இங்கே உள்ள சர்வர் படுத்தால் சென்னையிலிருந்து நேரடியாகத் திறந்துகொள்ளலாம் என்பது முதலாளியின் நினைப்பு. அது சரிப்படுமா?

வைகைக்கரை:

பூட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பா போடுகிற பூட்டு அந்த சர்வருக்குள் மட்டும்தான் தெரியும், 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு சம்பாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. விண்டோஸ் சர்வரில் வரும் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் என்கிற ஃபோல்டர் நகலெடுப்பிலும் இதே கதைதான், கடைசியாக எழுதியவர் வெல்வார், தோற்ற பிரதியை ஒரு மறைவான ஃபோல்டரில் தள்ளிவிடும். சிங்க்திங் கொஞ்சம் கருணையானது, மோதிய பிரதியை வேறு பெயர் வைத்துப் பக்கத்திலேயே விட்டுவைக்கும். ராத்திரித் திருத்தத்துக்கு நெல்லை அண்ணன் சொன்னதையே நீட்டிக்கலாம்: ஜாப் நம்பர் ஃபோல்டரை இங்கே உங்களுக்கு உரிமை உள்ள 'திருத்தம்' ஃபோல்டருக்குக் காப்பி செய்து, பெயரின் கடைசியில் திருத்தம் 2, திருத்தம் 3 என்று போடுங்கள். பிளேட் எடுப்பவர் எப்போதும் பெரிய எண்ணையே எடுக்கட்டும். காலையில் சென்னைக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கோப்பில் ஏற்றிக்கொள்வார்கள்.

சென்னையிலிருந்து நேரடியாகத் திறப்பது நடக்காத காரியம். நொடிக்கு 100 மெகாபிட் லைனில் 1 ஜிபி கோப்பு வர 80 விநாடிக்கு மேல் ஆகும், அதுவும் ஒரே ஆள் இழுத்தால். பத்துப் பேர் இழுத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் வேலை நிற்கக் கூடாது என்பதற்கு விடை அதே கட்டடத்தில் இன்னொரு சர்வர். சென்னைப் பிரதி இருப்பது கட்டடத்துக்கே ஏதாவது ஆனால் என்பதற்காக. இரண்டும் வேறு வேறு தேவை, ஒரே கருவியால் இரண்டையும் தீர்க்கப் போனால் இரண்டும் கெடும்.

கட்டடத்துக்குள் என்றால் நான் டிஆர்பிடி என்பேன். கோப்பு அளவில் இல்லாமல் வட்டின் பிளாக் அளவிலேயே இரண்டு சர்வருக்கும் நகல் எடுக்கும், 2010இல் வந்த 2.6.33 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அதில் சி புரோட்டோகால் வைத்தால் இரண்டு வட்டிலும் எழுதிய பிறகுதான் 'முடிந்தது' என்று சொல்லும், ஒரே ஸ்விட்ச்சில் இருக்கும்போது அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. ஒரு சமயத்தில் ஒன்றுதான் முதன்மை, மற்றது சும்மா நகல் வாங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் முதன்மையாக்கி அதன் மேல் சாதாரண இஎக்ஸ்டி4 கோப்பு முறையைப் போட்டு இரண்டு பக்கமும் மவுண்ட் செய்தால் மொத்தமும் நாசமாகும், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பல சர்வர்களை ஒரே சேமிப்பாக்கும் செஃப் பெரிய இடங்களுக்கு அருமையானது, ஆனால் ஒழுங்காக ஓட்டக் குறைந்தது மூன்று சர்வர் வேண்டும், ஒற்றை ஆளாகப் பராமரிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. கிளஸ்டர்எஃப்எஸ்ஸுக்கு ரெட் ஹேட் கொடுத்துவந்த வணிக ஆதரவு 2024 கடைசியில் முடிந்துவிட்டது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு சர்வர் மட்டும் இருந்தால், நடுவில் கேபிள் கழன்றதும் ஒவ்வொன்றும் 'மற்றது செத்துவிட்டது, இனி நான்தான் முதன்மை' என்று நினைத்துத் தனித்தனியாக எழுத ஆரம்பித்துவிடும். இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்கிறோம். கேபிள் திரும்ப மாட்டியதும் இரண்டில் எது உண்மை என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது, ஒரு பக்கத்து வேலையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 2018 அக்டோபர் 21 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் இணைப்பு போனது 43 விநாடிதான். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் ஒன்றுக்கொன்று தெரியாத பதிவுகள் விழுந்துவிட்டன. எதையும் இழக்காமல் அதைச் சரிசெய்து சேவை முழுசாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

அதனால் மூன்றாவது ஓட்டு ஒன்று கட்டாயம். டிஆர்பிடி 9இல் வட்டே இல்லாத மூன்றாவது கணினியை வாக்காளராகச் சேர்க்கலாம், ஒரு பழைய கணினி போதும். மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால்தான் எழுத்து நடக்கும், தனியாகப் பிரிந்தது வாயை மூடிக்கொள்ளும். அந்த மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் இத்தனை பாடும் வீண், சர்வருக்கு ஒரு யுபிஎஸ் என்று பிரித்து வையுங்கள்.

இரவுப்பணி:

வைகைக்கரை சொன்னதில் தொழில்நுட்பமாக எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டிஆர்பிடி, அதற்கு மேல் தானாக மாற்றிவிட பேஸ்மேக்கர், இதையெல்லாம் ராத்திரி 2 மணிக்கு ஒற்றை ஆளாகச் சரிசெய்ய வேண்டி வரும். முதலாளியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம் வேலை நின்றால் தாங்கும்? எத்தனை நிமிட வேலை தொலைந்தால் தாங்கும்? கால் மணி நேரம் நிற்கலாம், 5 நிமிட வேலை போனால் பரவாயில்லை என்பாரானால் இன்னும் எளிய வழி இருக்கிறது. இரண்டு சர்வரிலும் இசட்எஃப்எஸ் என்கிற கோப்பு முறை, 5 நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு), அதில் மாறிய பகுதியை மட்டும் அடுத்த சர்வருக்கு அனுப்புவது. முதல் சர்வர் படுத்தால் நீங்களே போய் இரண்டாவதற்கு ஐபி முகவரியை மாற்றிவிடுவீர்கள். முடிவெடுப்பது மனிதர் என்பதால் ஸ்பிளிட் பிரெயின் என்ற பேச்சே இல்லை. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் என்கிற சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால் வட்டில் சத்தமில்லாமல் கெட்டுப்போன பகுதியும் மாதம் ஒரு முறை ஸ்கிரப் ஓட்டி வட்டு முழுவதையும் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். உங்கள் ஆர்சிங்க் அளவையும் தேதியையும் மட்டும் பார்ப்பதால் அதற்கு இது என்றைக்கும் தெரியாது.

இதுவரை யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். ரெப்ளிகேஷனை, அதாவது இப்படித் தொடர்ந்து நகலெடுப்பதை, பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். ரான்சம்வேர் ஒரு கணினியில் நுழைந்து பகிர்ந்த ஃபோல்டரை முழுக்கப் பூட்டினால், டிஆர்பிடி அதை அந்தக் கணமே இரண்டாவது வட்டிலும் எழுதும், சிங்க்திங் சில நிமிடத்தில் சென்னைக்கும் சேர்த்துவிடும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் படித்துப் பாருங்கள், அவர்களே விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். பின்தங்கிப்போன நகல் சர்வரைச் சரிசெய்ய அதிலுள்ள டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கப் போய், அந்தக் கட்டளை முதன்மை சர்வரில் விழுந்துவிட்டது. சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிச்சம். பேக்கப்பைத் தேடினால், பதிப்பு பொருந்தாததால் அது பல நாளாகவே ஓடவில்லை, ஓடவில்லை என்று சொல்லும் மின்னஞ்சலும் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 6 மணி நேரம் முந்தைய, வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

இடமும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். தென் கொரியாவில் டேஜான் அரசு டேட்டா சென்டரில் 2025 செப்டம்பரில் பேட்டரியிலிருந்து தீப் பிடித்தது, அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பில் 858 டிபி போய்விட்டது, அதற்கு வெளியே பிரதியே இல்லை. எனவே உங்கள் சென்னைப் பிரதியிலும் ஸ்னாப்ஷாட் வையுங்கள், சிவகாசி சர்வரின் கடவுச்சொல்லால் அந்த ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்க முடியாதபடி. சென்னை சர்வர் இங்கே வந்து இழுத்துக்கொள்ளட்டும், இங்கிருந்து தள்ள வேண்டாம். கூடவே வாரம் ஒரு முறை வெளி வட்டில் எடுத்துக் கழற்றி வையுங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் உங்களிடம் நிறைய இருக்கும் என்பதால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 85 குறியீடுதான், அதிலும் 'கோ' என்பது இரண்டு குறியீடு. கடைப் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதினால் விண்டோஸ் வட்டில் இருப்பது இங்கே ஏறாது. இசட்எஃப்எஸ்ஸிலும் இயல்பாக இதே வரம்புதான். அப்புறம், பழைய மேக் வட்டுகளிலிருந்து வரும் பெயர்களில் ஓகாரக் குறி இரண்டாகப் பிரிந்திருக்கும். திரையில் இரண்டும் 'கோயில்' என்றே தெரியும், லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. ஜாப் நம்பரை மட்டும் பெயராக வைத்து, விவரத்தை ஒரு எக்செல் தாளில் வைத்துக்கொள்வது நல்லது.

சிவகாசி_டிடிபி:

முதலாளியிடம் கேட்டேன். கால் மணி நேரம் நிற்கலாம், 5 நிமிட வேலை போனாலும் மறுபடி செய்துகொள்ளலாம் என்கிறார். அதனால் இசட்எஃப்எஸ் வழியிலேயே போகிறேன், ஊருக்கு ஊர் சிங்க்திங், ஃபோல்டருக்கு ஒரே ஊர் உரிமை. ஆடிக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் சர்வரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டாவதில் வேலை ஓடுகிறதா என்று பார்த்துவிடுவோம்.

கடைசியாக ஒன்று. இந்த 4 டிபியில் ஏற்கெனவே வெள்ளையாகிக் கிடக்கும் கோப்புகள் இன்னும் எத்தனை இருக்குமோ, அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லையே.

நெல்லை_அட்மின்:

ஒப்பிட வேண்டாம், வாலைப் பாருங்கள். ஒவ்வொரு டிஃப்பின் கடைசி 1 எம்பியை மட்டும் படித்து, அது முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் பெயரை ஒரு பட்டியலில் எழுதும்படி பைத்தானில் பத்துப் பதினைந்து வரி போதும். எல்இசட்டபிள்யூ முறையில் சுருக்கப்பட்ட டிஃப் என்றால் வாலில் அவ்வளவு பூஜ்யம் வர வாய்ப்பே இல்லை, சந்தேகமில்லாமல் கெட்டது. சுருக்காத கோப்பில் கீழே உண்மையிலேயே வெள்ளை ஓரம் விட்ட டிசைனும் பட்டியலில் வந்து சேரும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கோரல்டிரா கோப்புகளுக்கும் இதே சோதனையை ஓட்டுங்கள், வால் பூஜ்யமாக இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

கெட்டவை கிடைத்ததும் அழித்துவிடாதீர்கள், தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பென் டிரைவிலோ டிசைனரின் கணினியிலோ வாடிக்கையாளரின் மெயிலிலோ மூலம் கிடக்கும், அதை ஏற்றி டிசைனர் ஒரு முறை திறந்து பார்த்த பிறகு பழையதை விட்டுவிடலாம். இதையெல்லாம் இசட்எஃப்எஸ்ஸுக்கு மாற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.